பென்னிங்டன் வாசலில் நாலு வருஷம்

மலர்க் குழுவிலிருந்து சார் போன் செய்தார். "தம்பி, நம்ம பக்கத்து ஊர் விஷயமா ஏதாவது எழுதிக் குடுப்பா. கவிதை மட்டும் வேண்டாம். ஏற்கனவே இருபத்தெட்டு வந்திருச்சு."

சார் சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை. இன்டர்னல் மார்க் பயம் இன்னும் போகவில்லை! ஆகவே அன்புள்ள சீனியர்களே, பேட்ச் நண்பர்களே, இப்போது ஹாஸ்டலில் இருக்கும் தம்பி தங்கைகளே... 2009-ல் சிவில் முடித்து வெளியேறிய ஒருவன் எழுதும் சின்ன சரித்திரக் கட்டுரை இது. சரித்திரம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பால்கோவாவும் உண்டு.

கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்பில் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் நமக்கெல்லாம் ஒரே ரூட்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்க வேண்டும், கோயில் வாசலில் ஒரு கும்பிடு, பிறகு ஒரு படம், பிறகு பரோட்டா, கடைசியில் ரூமுக்குக் கால் கிலோ பால்கோவா. இந்த ரூட்டில் 'பென்னிங்டன் நூலகம்' என்ற பெயர் எத்தனை தடவை கண்ணில் பட்டிருக்கும்! மார்க்கெட்டுக்கும் அதே பெயர்தான். நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட யார் இந்த பென்னிங்டன் என்று எனக்குத் தோன்றியதில்லை. நூலகத்துக்குள் கால் வைத்ததும் இல்லை. சென்ட்ரல் லைப்ரரிக்கே பரீட்சை சமயத்தில்தான் போனோம், இதற்கா போகப் போகிறோம்?

போக வைத்தது ஒரு சண்டை.

கோபுரச் சண்டை

இந்த ரீயூனியனுக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு நாள் ராத்திரி தகராறு. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம்? ஹாஸ்டலில் நடந்த அதே பழைய சண்டை, பதினைந்து வருஷம் கழித்து மறு ஒளிபரப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்று உள்ளூர்க் கோஷ்டி. "டேய் மாப்ள, அது எங்க மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரம்டா" என்று மதுரைக் கோஷ்டி. பந்தயம் அரைக் கிலோ பால்கோவா. விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் வருகிறவன் என்பதால் தீர்ப்பு சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அப்படித்தான் ஒரு நாள் காலையில் பென்னிங்டன் நூலகத்துக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ரிட்டையர்டு ஆசிரியராம், நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி தேடுறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"கோபுரத்தை அப்புறம் பாப்போம். நீங்க உக்காந்திருக்கிற எடத்துக்குப் பேரு வந்த கதை தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"பென்னிங்டன்னு ஒரு கலெக்டர். எந்த ஊர் கலெக்டர்னு சொல்லுங்க பாப்போம்."

விருதுநகர் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அதுவே பெரிய விஷயம். பிறகு யோசித்து ராமநாதபுரம் என்றேன். அதுவும் தப்பு.

இரண்டு பஸ்ஸையும் விட்ட ஊர்

இந்த நூலகம் தொடங்கியது 1875-ல். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஜே. பி. பென்னிங்டன் திருநெல்வேலி கலெக்டர். அவர் பெயரைத்தான் வைத்தார்கள். 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் பிரித்து ராமநாதபுரம் என்று புது மாவட்டம் உண்டாக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அதற்குப் போனது. வேடிக்கை என்னவென்றால் ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் ராமநாதபுரத்தில் இல்லை, நெடுங்காலம் மதுரையில்தான் இருந்தது! 1985-ல் ராமநாதபுரத்தையும் பிரித்துக் காமராசர் மாவட்டம் என்று ஆக்கினார்கள். 1997-லிருந்து அதற்கு விருதுநகர் மாவட்டம் என்று பெயர்.

ஆக ஊர் நகரவேயில்லை, மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பெரியவர் சொன்ன பதிலையும், பிறகு நான் தேடிப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வெள்ளைக்கார அரசாங்கம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கெசட்டியர் என்று ஒரு தடித்த புத்தகம் போட்டது. மண், மழை, கண்மாய், சாதி, தொழில், கோயில், சந்தை என்று எல்லாம் அதில் இருக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அதைத்தான் எடுப்பார்கள். மதுரை கெசட்டியர் பிரான்சிஸ் எழுதி 1906-ல் வந்தது. அப்போது நம் தாலுகா திருநெல்வேலியில் இருந்ததால் அந்தப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. திருநெல்வேலி கெசட்டியர் பேட் எழுதி 1917-ல் வந்தது. அதற்குள் நம் தாலுகா ராமநாதபுரத்துக்குப் போய்விட்டதால் அதிலும் தனி அத்தியாயம் இல்லாமல் போயிற்று. சரி, ராமநாதபுரத்துக்கு விரிவான கெசட்டியர் எப்போது வந்தது? 1972-ல்!

மதுரை பஸ் போனபோது நாம் திருநெல்வேலி ஸ்டாப்பில் நின்றோம். திருநெல்வேலி பஸ் வந்தபோது ராமநாதபுரம் ஸ்டாப்பில் நின்றோம். இரண்டு பஸ்ஸும் போய்விட்டன. ஸ்டூவர்ட் எழுதிய 1879-ஆம் வருஷத்துத் திருநெல்வேலி மாவட்டக் கையேட்டுக்குப் பிறகு அடுத்த பஸ்ஸுக்கு 93 வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பழைய கோப்புகளைத் தேடுகிறவன் எந்த வருஷத்துக் கோப்பு என்று பார்த்துவிட்டு, எந்த மாவட்டத்துக் கட்டில் தேடுவது என்று முதலில் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஊருக்கு உள்ளூரிலேயே ஒரு நூலகம் 1875-லிருந்து இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! பெரிய ஊர்களுக்குக்கூட ஞாபகத்தை வைத்துக்கொள்ளச் சென்னையில் ஆவணக் காப்பகம் உண்டு, கெசட்டியர் உண்டு. நடுவில் விட்டுப்போன ஊருக்கு அதன் சொந்த அலமாரிதான் கதி.

1875 என்றால் என்ன?

வருஷத்தைச் சொன்னால் மட்டும் போதாது, பக்கத்தில் எதையாவது வைத்துப் பார்க்க வேண்டும் (ஸ்கேல் இல்லாத டிராயிங்கை நம் சார்கள் திருப்பி எறிந்தது ஞாபகமிருக்கிறதா?). சென்னை எழும்பூரில் கன்னிமாரா நூலகம் திறந்தது 1896-ல். அதாவது, மாகாணத் தலைநகரத்தின் பெரிய பொது நூலகத்துக்கு இருபத்தோரு வருஷம் மூத்தது நம்முடையது. நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் பிறந்ததே 1892-ல். கணக்கு ஆசிரியராக இருந்த அவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி, அவருடைய விடாமுயற்சியால் சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரி அதன் பயன்.

சட்டம், வரி, துறை என்று எதுவும் இல்லாத காலத்தில், சட்டத்துக்கு 73 வருஷம் முன்னால், ஒரு தாலுகா ஊரில் நூலகம் வேண்டும் என்று சிலருக்குத் தோன்றியிருக்கிறது. மறு வருஷமே தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் செத்தார்கள். அப்படிப்பட்ட காலத்தையும் தாண்டி வந்த நூலகம் இது. அரசாங்க நூலகமாக அல்லாமல் கமிட்டி வைத்து நடத்தி, நூற்றைம்பது வருஷத்தைத் தொட்டிருக்கிறார்கள்.

ராஜபாளையத்து நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஊருக்கும் வருகிறேன். 1949-லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்துக்கு முதல்வராக இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா உங்கள் ஊர்க்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காகக் கொடுத்தவர். வீட்டை எழுதி வைப்பார்கள், யாருக்கு? பிள்ளைக்கு, பேரனுக்கு. ஊருக்கு எழுதி வைக்கத் தனி மனசு வேண்டும்.

சிவில்காரனுக்குக் காகிதம் எதற்கு?

"இன்ஜினியர் உனக்கெதுக்குய்யா பழைய பேப்பர்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதற்கும் பதில் உண்டு.

சில வருஷம் முன்பு ஒரு கண்மாய் தூர்வாரும் வேலையில் இருந்தேன். மடை எந்த மட்டத்தில் இருந்தது என்று தகராறு. கரை மேல் நின்று கைகாட்டிய இரண்டு பெரியவர்கள் இரண்டு இடத்தைக் காட்டினார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஞாபகம் அப்படி. கடைசியில் தீர்த்து வைத்தது ஒரு பழைய மெமாயர். 1883-லிருந்து சென்னை மாகாணத்தில் கண்மாய்களைச் சீரமைக்கும் திட்டம் ஒன்று நடந்தது. ஒவ்வொரு கண்மாயையும் அளந்து, கொள்ளளவு எவ்வளவு, மடையின் அடிமட்டம் எவ்வளவு, கலுங்கு மட்டம் எவ்வளவு, ஆயக்கட்டு எவ்வளவு என்று எழுதி வைத்தார்கள். அந்தத் தாளை எவனோ ஒரு குமாஸ்தா எடைக்குப் போடாமல் வைத்திருந்ததால் நான் அன்றைக்குத் தப்பித்தேன். மட்டம் அரை அடி தப்பினால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. பழைய காகிதம் என்பது வயலில் நிற்கும் நெல்.

அன்றைக்குத்தான் எனக்கு நூலகத்துக்கும் ஆவணத்துக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தது. புத்தகம் ஆயிரம் பிரதி அச்சாகும், இங்கே தொலைந்தால் வேறெங்காவது கிடைக்கும். ஆவணம் ஒன்றே ஒன்றுதான். கணக்கு நோட்டு, கூட்டத் தீர்மானம், உள்ளூர் நோட்டீஸ், விழா மலர்... இவையெல்லாம் போனால் போனதுதான். சின்ன ஊர் நூலகங்களின் உண்மையான சொத்து இந்த மாதிரி யாரும் கேட்காத சமாசாரங்கள்தான்.

காகிதம் எப்படிச் சாகிறது?

நம் முன்னோர் கல்லில் வெட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையினர் மைப்படி எடுத்து வைத்திருக்கிறார்கள். ஓலையில் எழுதியதை எண்ணெய் தடவிக் காத்து, இற்றுப்போவதற்குள் புது ஓலையில் திருப்பி எழுதினார்கள். பிறகு வந்தது காகிதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதியிலிருந்து மரக்கூழில் காகிதம் செய்து, மை பரவாமலிருக்கப் படிகாரமும் ரோசினும் சேர்த்தார்கள். விலை குறைந்தது, ஆனால் காகிதத்துக்குள்ளேயே அமிலம் குடிபுகுந்தது. செல்லுலோஸ் சங்கிலியை அது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டும். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும். அதனால்தான் அந்தக் காலத்துப் புத்தகங்கள் அப்பளம் மாதிரி நொறுங்குகின்றன. கரையானும் வெள்ளிமீன் பூச்சியும் வராவிட்டாலும் இந்தச் சாவு நிச்சயம். தள்ளிப் போடத்தான் முடியும்.

தள்ளிப் போட்ட ஒருவரைச் சொல்கிறேன். நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்தான். காரைக்குடி பக்கம் கோட்டையூர் ரோஜா முத்தையா. தொழில் விளம்பரப் பலகை எழுதுவது. சேர்த்ததோ சுமார் ஒரு லட்சம் புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள்! கல்யாணப் பத்திரிகையைச் சேர்க்கிறவரைப் பார்த்து ஊர் என்ன சொல்லியிருக்கும்? அவர் 1992-ல் காலமான பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. கப்பலேறிப் போகாமல் சென்னையிலேயே 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைத்தது. இன்றைக்குத் தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டாமல் எழுத முடியாது.

காப்பாற்ற முடியாமல் போனதும் உண்டு. யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்பவர் 1933-ல் தன் வீட்டில் சின்னதாக ஆரம்பித்த வாசகசாலை, வளர்ந்து பெரிய பொது நூலகமாயிற்று. 1981 மே 31 இரவில் தொடங்கி அதை எரித்தார்கள். சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அச்சான புத்தகங்களைத் திரும்ப வாங்கி அடுக்க முடிந்தது, கட்டடத்தையும் திரும்பக் கட்டினார்கள். ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் திரும்பி வரவில்லை. ஒன்றே ஒன்று இருப்பதை ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

நம் வீட்டு விஷயம்

ஊரை விடுங்கள், நம்மைப் பார்ப்போம். 2009 பேட்ச்சின் பேர்வெல் போட்டோக்கள் எங்கே? அன்றைக்கு எல்லோரும் இருந்த ஒரு வலைத்தளத்தில் ஏற்றினோம். 2014-ல் அந்தத் தளத்தையே மூடிவிட்டார்கள். நாங்கள் யாரும் இறக்கி வைக்கவில்லை. என் பைனல் இயர் பிராஜெக்ட்? பத்திரமாக ஒரு சி.டி.யில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் துளை இல்லை! கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்த பிரதி மட்டும் அம்மாவின் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது, இன்றைக்கும் படிக்க முடிகிறது.

அந்த போட்டோக்களில் ஒரு நண்பன் இருந்தான். எங்கள் விங்கின் கடைசி ரூம். பாஸ் அவுட் ஆன மூன்றாம் வருஷம் விபத்தில் போய்விட்டான். போன மாதம் அவன் அம்மா, "தம்பி, காலேஜ்ல எடுத்த படம் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்காப்பா?" என்று கேட்டார்கள். குரூப்பில் அறுபது பேர் தேடினோம். கிடைத்தது ஒன்றே ஒன்று, ஒரு டிபார்ட்மென்ட் மலரில் அச்சான குரூப் போட்டோ. மூன்றாவது வரிசை, இடமிருந்து ஐந்தாவது. கீழே பெயர் போட்டிருந்ததால்தான் கண்டுபிடித்தோம். அதை வைத்திருந்தவன் யார் தெரியுமா? எதையும் தூக்கிப் போடமாட்டான் என்று நாங்கள் 'பழைய பேப்பர்' என்று பட்டப்பெயர் வைத்துக் கிண்டல் செய்தவன்.

இதைவிட நான் என்ன வாதம் சொல்ல?

1984-ல் தொடங்கிய நம் கல்லூரிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. முதல் பேட்ச் சீனியர்களுக்கு அறுபதை நெருங்குகிறது. அந்த நாளைய ஹால் டிக்கெட், மெஸ் பில், சிம்போசியம் நோட்டீஸ், ஸ்போர்ட்ஸ் டே போட்டோ எல்லாம் இப்போது உங்கள் பரண்களில்தான் இருக்கின்றன. அடுத்த தடவை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அவை எடைக்குப் போய்விடும். ஆகவே நான்கு வேண்டுகோள்.

ஒன்று: இந்த மலரில் பத்துப் பிரதியாவது பரிசுக்கும் பேட்டிக்கும் போகாமல் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஒன்று நம் சென்ட்ரல் லைப்ரரிக்கு, ஒன்று பென்னிங்டன் நூலகத்துக்கு, ஒன்று ராஜபாளையத்துக்கு, ஒன்று சென்னைக்கு. புத்தகம் போடுகிறவர்கள் கன்னிமாராவுக்குப் பிரதி அனுப்ப 1954-லிருந்து சட்டம் இருக்கிறது. நம் மாதிரி மலர் போடுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் ஞாபகமே வருவதில்லை.

இரண்டு: பழைய போட்டோவின் பின்னால் பென்சிலால் (பேனா வேண்டாம்) பெயர், இடம், வருஷம் எழுதுங்கள். இன்றைக்கு உங்களுக்குத் தெரிந்த முகம் இருபது வருஷத்தில் யாருக்கும் தெரியாது.

மூன்று: தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். இரண்டும் காகிதத்தைக் கொல்லும். ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் ஸ்கேன் செய்தாயிற்று என்று ஒரிஜினலைத் தூக்கிப் போடாதீர்கள். என் சி.டி. கதை ஞாபகம் இருக்கட்டும்.

நான்கு: இப்போது படிக்கும் மாணவர்களுக்கு. வருஷத்துக்கு ஒரு ஞாயிறு மத்தியானம் போதும். பத்துப் பேர் பஸ் ஏறிப் போய், நூலகத்தார் அனுமதியோடு பழைய புத்தகங்களின் தலைப்பையும் வருஷத்தையும் ஒரு பட்டியலாக எடுத்துக் கொடுங்கள். பட்டியலில் இல்லாத புத்தகம் இருந்தும் இல்லாததுதான். படத்துக்கு ஈவினிங் ஷோ போய்க்கொள்ளலாம்.

கடைசியாகத் தீர்ப்பு

பந்தயம் என்ன ஆயிற்று என்று மதுரைக் கோஷ்டி காத்திருக்கிறது. முத்திரையை 1948-49 வாக்கில், ஓமந்தூரார் ஆட்சியின்போது வரைந்தவர் ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். மதுரை மேற்குக் கோபுரத்தை வைத்து வரைந்தேன் என்பது அவர் தரப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அரசாங்க வெளியீடு வரை பல வருஷமாகச் சொல்லி வருவது இன்னொரு தரப்பு. பெரியவரிடம் இதைச் சொன்னபோது கோபுரத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பதினோரு நிலை, நூத்தித் தொண்ணூத்திரண்டு அடி. ஆனா வழக்கைத் தீக்கிறதுக்கு ஒரு முழம் காயிதம் வேணும் தம்பி."

ஆகவே வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அரைக் கிலோ பால்கோவாவை இரண்டு கோஷ்டியும் பாதிப் பாதி போட்டு வாங்கி வரவும். ரீயூனியன் முடிந்த மறுநாள் காலையில் பென்னிங்டன் நூலகத்துக்கு இந்த மலரின் ஒரு பிரதியைக் கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் கிருஷ்ணன்கோவில் ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள். இந்த முறை வாசலோடு திரும்ப வேண்டாம், உள்ளே போவோம்.